வலது கண்ணின் காதுப்பக்கம்

"நாடியை இதுல வைங்கம்மா. நெத்தியை அந்தப் பட்டையில ஒட்டுங்க. ஒட்டியே இருக்கணும், பின்னால போகக்கூடாது" என்றாள் ஹசீனா டாக்டர். சந்தனக்கனி வைத்தாள், ஒட்டினாள், பின்னால் எங்கே போக, பின்னால் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நடையில் கிடக்கிற பெஞ்சில் சம்பந்தி பிரமசக்தி ரெண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாடி வைக்கிற குழியில் ஒரு வெள்ளைத்தாள். முந்தி வந்த ஆளுக்குப் போட்ட தாளை உருவி எறிந்துவிட்டு இவளுக்கென்று புதுத் தாள் விட்டதை இவள் பார்த்திருந்தாள். எம்மா, ஒரு ஆளுக்கு ஒரு தாளா, என் நாடிக்குன்னு ஒரு தாளா என்று அந்த நேரத்திலும் மனசு குளிர்ந்துதான் போனது. உப்பளத்தில் அத்தனை பொம்பளைக்கும் ஒரு குடம், ஒரு செம்பு, யார் வாய் வைத்தது யார் வைக்கவில்லை என்று யார் பார்த்தது. விளக்கு வரப்போகுது, கண்ணை மூடாதீங்க என்கிறாள் டாக்டரம்மா. மூடலை தாயீ. மூடினா எப்படித் தெரியும் உள்ளே போயிருக்கா போகலையான்னு. காலையில் முதலில் பார்த்த சின்ன டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டது: வலது கண்ணுல இருக்கிறது சாதாச் சதை மாதிரித் தெரியலை, புத்துநோய் மாதிரி இருக்கு, பெரிய டாக்டர் பாக்கணும், மேலோட இருந்தா பயமில்லை, உள்ளே இறங்கியிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். கண்ணையே. பல்லைப் பிடுங்குகிற மாதிரி எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்தப் பிள்ளை வாயில். ஆனாலும் நல்ல பிள்ளைதான், சொல்லும்போது கையைப் பிடித்துக்கொண்டது.

விளக்கு வந்தது. குச்சி மாதிரி மெல்லிசாக ஒரு வெளிச்சம், வலது கண்ணுக்குள் நேராக நுழைந்து அப்படியே மெதுவாக நகர்கிறது. வெளிச்சம் சந்தனக்கனிக்குப் புதுசா என்ன? சித்திரை வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடக்கும்போது மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கு ஒரு சூரியன், குனிந்தாலும் அடிக்கும், நிமிர்ந்தாலும் அடிக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள், உப்புத் தண்ணி தெறித்துத் தெறித்து அது வெள்ளையாகப் பூத்துப்போய் கால் வைக்கிற இடமே தெரியவில்லை, கழற்றி எறிந்தாயிற்று. அளத்தில் கண்ணில் சதை வளராத ஆள் யார், ஒருத்தியைக் காட்டு பார்ப்போம். மூக்குப் பக்கத்திலிருந்து மெல்லக் கருவிழிக்கு ஏறி வரும். இவளுக்கே இடது கண்ணில் பாதிக் கருவிழியை அது மூடியாச்சு, அந்தக் கண்ணால் பார்த்தால் ஆள் தெரியும், முகம் தெரியாது. அதற்குத்தான் சொட்டு மருந்து. கூட உப்பு வாருகிற பேச்சித்தாய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்து தண்ணிக் குடத்துக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைத்திருப்பாள். மத்தியானச் சோறு தின்ற கையோடு எல்லாரும் வரிசையாக மல்லாந்து படுக்க, அவள் ஆளுக்கொரு சொட்டு விட்டுக்கொண்டே போவாள். "ஏட்டி, கண்ணைத் திறங்கன்னா வாயைத் திறக்கிய, மருந்து வாய்க்குள்ள விழுந்தா நான் பொறுப்பில்ல" என்பாள், படுத்தபடிக்கே அத்தனை பேரும் சிரிப்பார்கள். சொட்டு விட்டதும் சிவப்பு போய்விடும், எரிச்சல் போய்விடும், கண் பச்சைப்பிள்ளைக் கண் மாதிரி வெளுத்துவிடும், எழுந்து போய் உப்பு வாருவார்கள். அப்படி வெளுத்து வெளுத்துத்தான் இது தெரியாமல் போயிற்றோ. வலது கண்ணில் வந்தபோது, சரி, இந்தக் கண்ணுக்கும் வந்துட்டு, எல்லாருக்கும் வாறதுதானே என்று விட்டாள். மூக்குப் பக்கம் வராமல் காதுப் பக்கம் வந்திருக்கே என்று ஒருத்திக்காவது தோன்றியதா? இவளுக்கே தோன்றவில்லையே, பிறகு அவளுகளைச் சொல்லி என்ன.

"இப்ப என் காதைப் பாருங்கம்மா" என்றாள் டாக்டர். சந்தனக்கனி பார்த்தாள். எந்தக் காதை? டாக்டரம்மா கறுப்பு முக்காடு இறுக்கிக் கட்டி ஊசி குத்தியிருக்கிறாள், காது எங்கன இருக்கோ யார் கண்டது. "காதைக் காணுமே தாயீ" என்று வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா சிரித்தாள், சிரித்ததில் விளக்கும் கொஞ்சம் ஆடியது. "காது இருக்கிற இடத்தைப் பாருங்க. சரி, இந்த விரலைப் பாருங்க. மூக்குப் பக்கமா பாக்கணும். ஆங், அப்படியே." விரலில் மருதாணி பழுத்துச் சிவந்திருந்தது. யாருக்கோ கல்யாணமாக இருக்கும், தங்கச்சிக்கா, நாத்தனாருக்கா, கல்யாண வீட்டிலிருந்து எழுந்து வந்து என் கண்ணைப் பார்க்குது, மகராசி நல்லா இருக்கணும். விரலையே பார்த்தாள். இடது கண்ணை டாக்டரம்மா மறைத்ததும் வலது கண்ணில் அந்த மருதாணி எவ்வளவு சிவப்பு, நகத்தோரத்தில் வெளிறிப்போன கோடுகூடத் தெரிகிறதே. இந்தக் கண்தான் நல்ல கண். அரிசியில் கல் பொறுக்குவது இந்தக் கண், பஸ்ஸில் பலகை படிப்பது இந்தக் கண், மகள் செல்வசுதா பெற்ற பிள்ளை சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழுவதைப் பார்த்தது இந்தக் கண். இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆள் தெரிந்து முகம் தெரியாத கண். பிள்ளை வரும், பாட்டின்னு ஓடி வரும், குழி தெரியாதே. சீ, அழாதே சந்தனக்கனி, அழுதால் கண் கலங்கும், கலங்கினால் டாக்டரம்மாவுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், இன்னொரு நாள் இதைத் தாங்க முடியாது. விரலைப் பாரு.

பாரு என்றதும் சம்பந்திதான் வந்து நிற்கிறாள். எப்படிப் பார்ப்பாள் அந்தப் பொம்பளை! பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே சந்தனக்கனிக்குப் பிடிக்கவில்லை. பஜ்ஜியைத் தின்றுகொண்டே, மாப்பிள்ளைக்குத் தாய்மாமனோடு பேசிக்கொண்டே, ஒரு கண் மட்டும் இவள் மேலேயே நிற்கும். லேசா மாறுகண்ணோ என்று நினைத்தாள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஓடி மகளுக்குப் பிள்ளையும் பிறந்த பிறகு, இந்தக் கடைசி ஒரு வருஷமாகத்தான் பார்வை இன்னும் மோசமாகிவிட்டது. எதிரே உட்கார்ந்தால் போதும், இவள் முகத்திலேயே கண்ணை நட்டு வைத்திருப்பாள், இவள் திரும்பினால் அவளும் கழுத்தை வளைத்து அந்தப் பக்கம் வந்து பார்ப்பாள். காது குத்துக்கு வந்தவள் தோடு குத்துகிற பிள்ளையைப் பார்க்காமல் இவளைப் பார்க்கிறாள். என்னத்தைப் பார்க்கா? கழுத்துச் சங்கிலியையா? உப்பு வாருகிறவள் பட்டுச் சேலை கட்டிட்டாளேன்னா? சந்தனக்கனி சும்மா விடுகிற ஆளா? சம்பந்தி பஸ் ஏறிப் போன மறு நிமிஷமே கை நிறையக் கல் உப்பும் வத்தலும் எடுத்து, பேரப்பிள்ளை வந்திருந்தால் அதை உட்கார வைத்துச் சுற்றி, தன்னையும் தலைக்குச் சுற்றி அடுப்பில் போடுவாள். வத்தல் நெடி வராது. பாத்தியளா, பாத்தியளா, எம்புட்டுக் கண்ணு என்று புருஷன் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அந்த மனுஷன், "உனக்கு மூக்கு அடைச்சிருக்கு கழுதை, எனக்கு இருமல் வருது" என்று எழுந்து வெளியே போவான். வேறெந்த ஊரிலாவது உப்பை விலைக்கு வாங்கிச் சுற்ற வேண்டும், இவளுக்கென்ன, சொந்தக் கையால் வாரின உப்பு, ஒரு கை கூடவே போடுவாள். எத்தனை தடவை போட்டாளோ. நினைக்க நினைக்க இப்போது நாடி அந்தத் தாளில் நடுங்குகிறது, டாக்டரம்மா, "குளிருதாம்மா? ஏசியைக் குறைக்கவா?" என்கிறாள். குளிரலை தாயீ. வெக்கமா இருக்கு.

"கண்ணுல ஒரு சொட்டு நீல மருந்து விடப்போறேன். எரியாது, கொஞ்சம் கூசும். நல்ல தோல்ல இந்த நீலம் நிக்காது. கெட்டது இருக்கிற இடத்துலதான் பிடிக்கும், எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்குன்னு தெரிஞ்சிரும்." விட்டாள். உலகமே நீலமாகிக் கன்னத்தில் வழிந்தது, டாக்டரம்மா பஞ்சால் ஒற்றினாள், கொஞ்ச நேரம் மூடிக்கங்க என்றாள். மூடிக்கொண்டாள். மூடியதும் அந்தப் பகல்தான். போன வாரம் அளத்துக்குப் போகாமல் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்து நின்றாள் சம்பந்தி. வாங்க மைனி, உக்காருங்க என்றால் உட்காரவில்லை. வாசக் கதவைச் சாத்துங்க மைனி என்றாள். சரி, மகளுக்கும் மருமகனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று இவள் ஈரக் கையோடு போய்ச் சாத்தினாள். பிரமசக்தி அடுப்படிக்குள் வந்தாள், கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு நல்லாக் கழுவினாள், இவளுக்கு முன்னால் நின்று இடது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்தாள். கண் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. எம்மாடி! சந்தனக்கனி பின்னால் போய்ப் பாத்திரத்தில் இடித்துக்கொண்டாள். "பயப்படாதிய. இது செஞ்சு வச்ச கண்ணு மைனி. என் கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. கருவாடு காயப்போடுற இடத்துல வெயில்லயே கெடந்தவ நான். இப்பிடித்தான் காதுப் பக்கம் ஒரு சதை வந்துச்சு, வேகாத ஜவ்வரிசி மாதிரி. உங்களுக்கு இருக்குல்ல, அச்சு அசலா அதே மாதிரி. ஒண்ணும் செய்யாதுன்னு விட்டேன், உள்ள போயிட்டு, எடுத்துட்டாவ. இதைச் சொன்னா யாரு பொண்ணு குடுப்பான்னு மறைச்சுத்தான் உங்க வீட்டுக்கு வந்தோம். நீங்க என்ன வேணாலும் ஏசுங்க, ஊரைக் கூட்டுங்க, சுதாவைக் கூப்பிட்டு வச்சிக்கிடுங்க. ஆனா அதுக்கு முன்னால எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். உள்ளங்கையில் அந்தக் கண் இவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. பஜ்ஜி தின்ற அன்றைக்கு இவள் மேலேயே நின்றதும் அதே கண்தான், பாவம், அதுக்குத் திரும்பத் தெரியாது.

அன்றைக்கு இவள் ஏசவில்லை. மறுநாள்தான் கோபம் வந்தது, ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு காலையில் மகளுக்குப் போன் போட்டு, உங்க அத்தைக்குக் கண்ணு பொய்க்கண்ணாமே என்று கேட்டால் அவள், "எனக்குத் தெரியும்மா, அத்தை யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாவ" என்கிறாள். பெத்த தாயிடம்! ஆனால் அது அல்ல முள். முள் வேறு. ஒரு வருஷம். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? பார்த்த அன்றைக்கே சொல்லியிருந்தால்? தன் மானம் போகுமே என்று தானே வாயைப் பொத்திக்கொண்டு கழுத்தை மட்டும் வளைத்து வளைத்துப் பார்த்தாள்? உள்ளே போயிருந்தால் அந்த ஒரு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? மூடின கண்ணுக்குள் நீலம் மிதக்க மிதக்க சந்தனக்கனி அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். சொன்னவளும் அவள்தான், சொல்லாமல் இருந்தவளும் அவள்தான். உப்பு வாருகிற கூட்டம் முழுக்க இந்தக் கண்ணைத் தினமும் திறந்து பார்த்து மருந்து விட்டது, ஒருத்திக்கும் தெரியவில்லை, கட்டின புருஷனுக்குத் தெரியவில்லை, பெத்த மகளுக்குத் தெரியவில்லை, அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா? மகன் வாழ்க்கை அறுந்து போகுமே என்று தெரிந்தும் போய்க் கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருப்பேனா? மாட்டேன். சத்தியமா மாட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு கோயிலுக்கு நேர்ந்திருப்பேன், அம்புட்டுத்தான். இதை நினைத்ததும் முள் கொஞ்சம் இளகியது, முழுசாகப் போகவில்லை. முருகா, நீ ஒண்ணு செய். உள்ள போகலைன்னு மட்டும் சொல்ல வை. எனக்காக இல்லேன்னாலும் அவளுக்காகவாவது சொல்ல வை, உள்ள போயிருந்தா அந்தப் பொம்பளை முகத்தை நான் எப்படிப் பாப்பேன், அவ எப்படி என் முகத்தைப் பாப்பா.

"கண்ணைத் திறங்க." நாடி, நெற்றி, விளக்கு. டாக்டரம்மா சிரிக்கவில்லை இப்போது, விளக்கைத் திருப்புகிற சக்கரத்தின் சத்தம் மட்டும். "பிடிச்சிருக்கு" என்றாள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம். பிடிச்சிருக்கு என்றால் நீலம் பிடிச்சிருக்கு, நீலம் பிடிச்சிருந்தால் கெட்டது. அது சந்தனக்கனிக்குப் புரிந்தது. டாக்டரம்மா மேல் இமையைப் புரட்டிப் பார்த்தாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், கன்னத்தோரம், காதுக்கு முன்னால், கழுத்தில் எல்லாம் விரலால் அமுக்கி நெறி கட்டியிருக்கா என்று தடவினாள். பெத்த தாய்கூட இப்படித் தடவிப் பார்த்ததில்லை. அப்புறம் எழுப்பி அதே அறையில் இன்னொரு மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்தாள், அதிலும் நாடி, அதிலும் ஒரு புதுத் தாள். "இது தொடாமலே உள்ள வெட்டிக் காட்டும்மா, அடுக்கு அடுக்கா. அசையாதீங்க." அசையவில்லை. அளத்தில் பாம்பு குறுக்கே போனபோது ஒரு தடவை இப்படி நின்றிருக்கிறாள், மூச்சைக்கூட விடாமல். போயிரு சாமி, நான் உன்னை ஒண்ணும் செய்யலை, நீயும் என்னை ஒண்ணும் செய்யாதே, உன் பாட்டுக்குப் போயிரு. அன்றைக்குப் போனது.

டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இவள் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்கம்மா. இந்தக் கோடு உங்க கண்ணோட மேல்தோல். இங்க மெல்லிசா இருக்கு, இந்த இடத்துல மட்டும் தடிச்சு வெள்ளையா இருக்கு பாத்தீங்களா? அதுதான் உங்க சதை. சாதாச் சதை இல்லை, புத்துநோயோட ஆரம்பம்தான். ஆனா இந்தக் கோட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. மேல்தோலோட நின்னுடுச்சு. உள்ள போகலை." சந்தனக்கனி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பாத்தி வரப்பு மாதிரிதான் இருந்தது, தண்ணி அந்தப் பக்கம் போகாமல் நிற்கிறது. "போகலையா?" "போகலை. கத்திகூட வேண்டாம், சொட்டு மருந்துலயே கரைச்சுப் பாப்போம். சில மாசம் ஆகும், விடாம வரணும். இன்னும் விட்டிருந்தீங்கன்னா சொல்ல முடியாது. நல்ல நேரத்துல வந்தீங்க. யாரு கூட்டிட்டு வந்தது?" "எங்க சம்பந்தி" என்றாள் சந்தனக்கனி. டாக்டரம்மாவின் மருதாணிக் கையை எடுத்து ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "ஐயோ, கண்ணைத் தொடாதீங்கம்மா, நீலம் என் கைல ஒட்டுது, இன்னைக்கு நிக்காஹ் வீட்டுக்குப் போகணும்" என்று டாக்டரம்மா சிரித்தாள். "அந்த வீட்டு மாப்ள பொண்ணு நூறு வருஷம் நல்லா இருக்கட்டும் தாயீ, நீ புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும், இந்த ஆஸ்பத்திரி நல்லா இருக்கணும்" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே கதவு எது சுவர் எது என்று தெரியாமல் வெளியே வந்தாள்.

நடையில் ஜனம் நெரிந்தது. பிரமசக்தி அதே பெஞ்சில், ரெண்டு பையையும் நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி, எழுந்திருக்கப் பயந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னமெல்லாம் நீலம் வழிந்த முகத்தில் என்ன தெரியும், கெட்ட செய்தி என்றே நினைத்திருப்பாள். சந்தனக்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த ஒரு வருஷம் இன்னும் உள்ளே எங்கேயோ கிடக்கத்தான் செய்தது, ஆனால் அதைத் தேடிக் கையில் எடுக்க இவளுக்கு இப்போது மனசில்லை. "உள்ள போகலை மைனி" என்றாள். "மேல்தோலோட நின்னுட்டாம். சொட்டு மருந்துலயே போயிருமாம். கண்ணு எனக்குத்தான்." பிரமசக்தி நிமிரவில்லை. "நான் முந்தியே சொல்லியிருக்கணும் மைனி, தினமும் நினைப்பேன், பஸ் ஏறுவேன், பாதியில இறங்கித் திரும்பிருவேன்" என்று பைக்குள் பேசுகிற மாதிரி முனகினாள், தோள் குலுங்கியது. "ஏறி வந்து சேந்துட்டியள்ல, போதும்" என்று சந்தனக்கனி அவள் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இடது கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தனக்கனி வாயைப் பிளந்துவிட்டாள். "எம்மா, இந்தக் கண்ணும் அழுதே மைனி!"

"அழும் மைனி" என்றாள் பிரமசக்தி. "கண்ணைத்தான் எடுத்தாவ. தண்ணி ஊறுத இடம் அப்படியேதான் இருக்கு."

சந்தனக்கனி முந்தானையை இழுத்து முதலில் அந்த இடது கண்ணைத் துடைத்துவிட்டாள்.